மாப்பிள்ளை கையில ஊசி குத்தினா என்னவாம்?

தலைப்பைப் பார்த்து ஏதோ காமெடிப் பதிவுன்னு வந்திருந்தா மன்னிக்கவும். இது கொஞ்சம் கோபத்தோட எழுதுறது. விஷயம், பால்வினை நோய்களுக்கான பரிசோதனை. "ஐயே, இதெல்லாமா எழுதுவாங்க"ன்னு ஓடிப் போகாம ஒரு பத்து நிமிஷம் குடுங்க. பின்னாடி வீட்டுப் பெரியவங்க நின்னு எட்டிப் பார்த்தா இன்னும் நல்லது, அவங்களையும் உட்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

எங்க ஊர் திருத்தணி. முகூர்த்த நாள் வந்தா போதும், மலைக்குப் போற ரோட்டுல வேன் நகராது. சுத்துப்பட்டு கிராமம், அரக்கோணம், அந்தப் பக்கம் நகரி, புத்தூர்னு ஆந்திராவுலேருந்தும் வந்து முருகன் முன்னாடி தாலி கட்டிட்டுப் போவாங்க. சந்தோஷம். ஆனா அந்தத் தாலி ஏறுறதுக்கு முன்னாடி நம்ம ஜனங்க எத்தனை வெரிஃபிகேஷன் பண்றாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுப் பாருங்களேன்.

ஜாதகத்துல பத்துப் பொருத்தம். செவ்வாய் தோஷம். மாப்பிள்ளையோட பே ஸ்லிப். ஐ.டி.ன்னா எந்த கம்பெனி, ஆன்சைட் சான்ஸ் இருக்கா. அவங்க அப்பா பேர்ல உள்ள வீட்டுமனைக்கு வில்லங்கச் சான்றிதழ். நகைக்கு ஹால்மார்க். பொண்ணு பத்தி தெருமுனை மளிகைக் கடையில ஒரு ரகசிய விசாரணை. இவ்வளவு செக் பண்ற அதே ஆளுங்க கிட்ட, "மாப்பிள்ளை ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டாரா?"ன்னு கேட்டுப் பாருங்க. ஏதோ அவங்க குலதெய்வத்தைத் திட்டின மாதிரி முகம் மாறும். "எங்க பையனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா!"

அதாவது மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தா அது புத்திசாலித்தனம். மனுஷனுக்குப் பார்த்தா அவமானம். என்ன லாஜிக் சார் இது?

நான் என்ன சொல்ல வர்றேன்னு முதல்லயே தெளிவா சொல்லிடறேன். கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் கட்டாய டெஸ்ட்னு சட்டம் போடச் சொல்லலை. 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி ஒருத்தரோட சம்மதம் இல்லாம அந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது, அது சரிதான். நான் கேட்கிறது ஆம்பளைங்க கிட்ட. யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாம, நாமளா நடந்து போய், கையை நீட்டி எடுத்துக்கணும். ஏன்னா இந்த ஊசியை இத்தனை வருஷமா நாம பொம்பளைங்க கையிலேயே குத்திக்கிட்டு இருக்கோம்.

சும்மா சொல்லலை. வரலாறைப் பாருங்க.

வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் மாகாணத்துல 'லாக் ஆஸ்பத்திரி'ன்னு இருந்தது. பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு மேகநோய் வருதுன்னு சொல்லி, பாலியல் தொழில்ல இருந்த பெண்களைப் பதிவு பண்ணி, சோதனை போட்டு, நோய் இருந்தா அந்த ஆஸ்பத்திரியில அடைச்சு வைப்பாங்க. 1868-ல் இதுக்குன்னு தொற்றுநோய்ச் சட்டமே வந்தது. கட்டாயப் பதிவும் கட்டாயப் பரிசோதனையும் பெண்களுக்குத்தான். அவங்க கிட்ட போன சிப்பாய்க்கு அந்தச் சட்டத்துல ஒரு வேலையும் இல்லை. 1888-ல் அந்தச் சட்டத்தை ரத்து பண்ணாங்க. சட்டம் போச்சு, புத்தி போகலை.

அடுத்தது 1986. எய்ட்ஸ்னா அது வெள்ளைக்காரனோட வியாதி, நம்ம கலாச்சாரத்துக்கு வராதுன்னு நாடே நம்பிக்கிட்டு இருந்த நேரம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். அவங்க மாணவி டாக்டர் நிர்மலா, ஆராய்ச்சிக்காக ரத்த மாதிரிகள் சேகரிச்சாங்க. அந்த டெஸ்ட் எடுக்க அப்போ சென்னையில வசதி இல்லை. ராத்திரி ரயில்ல காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.க்கு மாதிரிகளை எடுத்துட்டுப் போனாங்க. (அந்த ரயில் எங்க பக்கத்து அரக்கோணத்தைத் தாண்டித்தான் போயிருக்கணும்.) அங்கே 6 மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி பண்ணாங்க. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குங்கறது முதன்முதலா தெரிய வந்தது அப்படித்தான். எந்த நிதியும் வசதியும் பெருசா இல்லாம அந்த ரெண்டு பெண்களும் செஞ்ச காரியத்துக்கு நாம கைகூப்பணும். சுனிதி மேடம் 2015-ல் காலமானாங்க, 2017-ல் பத்மஸ்ரீ குடுத்தாங்க.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது என்ன தெரியுமா? அந்த ரத்தம் பாலியல் தொழில்ல இருந்த பெண்களோடது. ஆராய்ச்சியை எங்கேயோ ஒரு இடத்துல ஆரம்பிச்சுத்தான் ஆகணும், அதுல தப்பு இல்லை. அரசாங்கமும் சமூகமும் அதை எடுத்துக்கிட்ட விதம்தான் அசிங்கம். பாசிட்டிவ்னு தெரிஞ்ச பெண்களை விடுதிகள்ல அடைச்சு வச்சாங்க, தண்டனைக் காலம் முடிஞ்ச பிறகும். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்கு போட்டு, 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அவங்க வெளியே வந்தாங்க. அந்தப் பெண்கள் கிட்ட வந்துட்டுப் போன ஆம்பளைங்களை யாராவது தேடினாங்களா? அடைச்சாங்களா? அவங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போய் பொண்டாட்டி போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

ஒரே ஒரு தடவை ஆம்பளையைப் பார்த்துக் கேள்வி கேட்டாங்க. 2000-களோட ஆரம்பத்துல தமிழ்நாடு முழுக்க சுவர்லயும் போர்டுலயும் வந்ததே, "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" நல்ல கேள்வி. நாம என்ன பண்ணோம்? காலேஜ்ல எவனாவது ஒருத்தனுக்குப் புள்ளிராஜான்னு பேர் வச்சு சிரிச்சோம். கேள்வியை ஜோக் ஆக்கிட்டோம், பதில் சொல்லாம தப்பிச்சோம்.

சரி, இப்ப என்ன நிலைமை?

இப்ப ஊசி கர்ப்பிணிப் பொண்ணு கையில. ஆஸ்பத்திரியில கர்ப்பத்தைப் பதிவு பண்ண உடனே எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் (நம்ம பாட்டி காலத்துல கிரந்தின்னு சொன்னது) டெஸ்ட் எடுக்கிறாங்க. கண்டிப்பா எடுக்கணும், குழந்தையைக் காப்பாத்துற வேலை அது. எச்.ஐ.வி. உள்ள அம்மாவுக்குச் சிகிச்சையே இல்லேன்னா குழந்தைக்குப் போக 15-லேருந்து 45 சதவீதம் வரை வாய்ப்பு. ஒழுங்கா மருந்து எடுத்தா அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிடும். அதனால அந்த டெஸ்ட் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கேள்வி வேற. ஒரு குடும்பத்துலயே முதல் டெஸ்ட் ஏன் எப்பவும் அவளுக்கே நடக்குது? புருஷன் வெளியே பெஞ்சுல உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கிட்டு இருக்கான்!

இதோட விளைவு என்னன்னு யோசிங்க. பாசிட்டிவ்னு வந்தா, அந்த வீட்டுலேயே முதல்ல பாசிட்டிவ் ஆனது அவதான். "இவ எங்கேயோ போய் வாங்கிட்டு வந்துட்டா." மாமியார் சொல்லுவாங்க, நாத்தனார் சொல்லுவாங்க, சமயத்துல பெத்த அம்மாவே சந்தேகப்படுவாங்க. முதல்ல டெஸ்ட் எடுத்தவ முதல் குற்றவாளி.

நான் பொட்டி தட்டுற ஆளு, எங்க பாஷையில சொல்றேன். ஒரு சிஸ்டம்ல எரர் வந்தா, லாக்ல முதல்ல எரர் காட்டின மாட்யூல்தான் தப்பு பண்ணுச்சுன்னு நேத்து ஜாயின் பண்ண ஃப்ரெஷர் கூட சொல்ல மாட்டான். அந்த மாட்யூல்ல மட்டும்தான் லாக் எழுதச் சொல்லியிருப்போம், அதனால அது காட்டுச்சு. அவ்வளவுதான். டெஸ்ட் ரிப்போர்ட் "இருக்கு", "இல்லை"ன்னு மட்டும்தான் சொல்லும். யார் கிட்டேருந்து யாருக்குப் போச்சு, எந்த வருஷம் போச்சுன்னு அதுல எழுதி இருக்காது. தம்பதியில ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு வருஷக் கணக்கா வராமலும் இருக்கலாம். இன்னொண்ணு, சிபிலிஸுக்கு எடுக்கிற வி.டி.ஆர்.எல். டெஸ்ட், கர்ப்பத்துலயும் வேற சில நோய்கள்லயும் தப்பா பாசிட்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ.ன்னு இன்னொரு டெஸ்ட்ல உறுதி பண்ணணும். அதுக்குள்ள எத்தனை வீட்டுல பஞ்சாயத்து கூட்டி முடிச்சுடறாங்களோ!

இப்ப நம்ம ஆளுங்க சொல்ற சாக்குகளுக்கு வருவோம்.

1. "நான் அந்த மாதிரி ஆள் இல்லை பாஸ்."

எந்த மாதிரி? டெஸ்ட் ட்யூப்புக்கு 'மாதிரி' எல்லாம் தெரியாது. இது ஒழுக்கச் சான்றிதழ் இல்லை, ரத்தப் பரிசோதனை. காலேஜ் டூர்ல ஒரு தடவை நடந்ததுக்கும் கணக்கு உண்டு. உங்களை நம்பி வந்தவங்களோட பழைய வாழ்க்கைக்கும் கணக்கு உண்டு. ஹெபடைடிஸ் பி சுத்தம் பண்ணாத ஊசியில, பச்சை குத்துற இடத்துல கூட வரும். கால் உடைஞ்சா நாம எல்லாம் பக்கத்துல இருக்கற புத்தூருக்கு பஸ் ஏறிக் கட்டு போட்டுக்கறோம். அங்கே "குடிச்சுட்டு விழுந்தியா, கோயில் படியில விழுந்தியா"ன்னு ஒழுக்கம் விசாரிச்சா கட்டுறாங்க? எலும்பைப் பார்த்துத்தான் கட்டுறாங்க.

2. "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, கல்லு மாதிரி இருக்கேன்."

இதுதான் இந்த நோய்களோட தந்திரமே. சிபிலிஸ்ல முதல்ல வர்ற புண் வலிக்காது. சில வாரத்துல தானா ஆறிடும். "போயிடுச்சுடா சாமி"ன்னு நினைப்பீங்க. அது உள்ளே போய் வருஷக் கணக்குல உட்கார்ந்திருக்கும். கிளமிடியான்னு ஒண்ணு, பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே காட்டாது, ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கும் காட்டாது. ஆனா சிகிச்சை எடுக்காம விட்டா பெண்ணோட கருக்குழாயை அடைச்சுக் குழந்தையில்லாம பண்ணிடும். அப்புறம் கருத்தரிப்பு மையத்துக்கு லட்ச லட்சமா கட்டுறோம், அங்கேயும் பேர் அவளுக்குத்தான், 'மலடி'. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, முழுசா குணப்படுத்தக்கூடிய நாலே நாலு பால்வினை நோய்கள் மட்டும் 2020-ல் புதுசா 37 கோடியே 40 லட்சம் தடவை தொத்தியிருக்கு. அத்தனையும் 'அந்த மாதிரி' ஆளுங்களா?

3. "தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, நிம்மதி போகும்."

தெரியாம இருந்தாத்தான் போகும். ஆரம்ப நிலை சிபிலிஸுக்கு ஒரே ஒரு தடவை பென்சிலின் ஊசி. கொனோரியா, கிளமிடியாவுக்கு ஆன்டிபயாடிக். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியே இருக்கு. எச்.ஐ.வி.க்கு 2004 ஏப்ரல்லேருந்து அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமா குடுக்குது, நாட்டுல முதல்ல தொடங்கின மையங்கள்ல தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. தினமும் ஒழுங்கா மாத்திரை போட்டு, ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே நின்னா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்கும். ஆனா மாத்திரை போடணும்னா இருக்குன்னு தெரியணுமே! 2023 கணக்குப்படி நம்ம நாட்டுல எச்.ஐ.வி. உள்ளவங்க சுமார் 25 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்குத் தனக்கு இருக்கறதே தெரியாது.

4. "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

இதை மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். இது நிஜ பயம். 2018 டிசம்பர்ல சாத்தூர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? அரசு ஆஸ்பத்திரியில ஒரு கர்ப்பிணிக்கு ஏத்தின ரத்தத்துல எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் குடுத்தது ஒரு சின்னப் பையன். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தப்போதான் தனக்கு இருக்கறது அவனுக்குத் தெரிஞ்சது. தெரிஞ்ச உடனே தானா போய் ஆஸ்பத்திரியில சொன்னான். யாருக்கும் தெரியாம வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், சொன்னான். அப்புறம் விஷம் குடிச்சு செத்துப் போனான். அந்தப் பெண்ணோட குழந்தை தொற்று இல்லாமப் பிறந்தது. யோசிச்சுப் பாருங்க, அவனைக் கொன்னது வைரஸ் இல்லை. மாத்திரை போட்டிருந்தா அவன் இன்னிக்கும் இருந்திருப்பான். கொன்னது நாம.

சென்னையில ஒரு லேப்ல நான் டெஸ்ட் எடுக்கப் போனப்போ, ரிசப்ஷன்ல இருந்தவர் பத்து பேர் முன்னாடி "எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். ரெண்டுமா சார்? எதுக்கு, எதாவது பிராப்ளமா?"ன்னு உரக்கக் கேட்டார். பக்கத்துல இருந்த மாமா தன் சேரை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கிட்டார். சுகர் டெஸ்ட்டுக்கு வந்தவரை யாரும் "எவ்வளவு ஸ்வீட் தின்னீங்க"ன்னு கேட்கலை! லேப் வச்சிருக்கற புண்ணியவான்களே, ஒரு சீட்டுல டிக் பண்ணச் சொல்லி வாங்கிக்கோங்க. 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்த அந்த எச்.ஐ.வி. சட்டம் ரிசல்ட்டை ரகசியமா வைக்கணும்னு சொல்லுது. எச்.ஐ.வி. இருக்குங்கறதுக்காக வேலையை விட்டுத் தூக்கவும் கூடாது.

இந்த மானத்துக்குப் பயந்த ஆளுங்களை யார் அறுவடை பண்றாங்க தெரியுமா? மாசம் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜ்ல ரூம் போட்டு உட்கார்ற 'பரம்பரை வைத்தியர்கள்'. டெஸ்ட்டும் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது, லேகியம் மட்டும் ஆயிரக் கணக்குல. ரகசியத்தை விலைக்கு விக்கிறாங்க, நோய் அப்படியே இருக்கும்.

ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. வளைகுடா வேலைக்கு மெடிக்கல்னா எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், வி.டி.ஆர்.எல். எல்லாத்துக்கும் கையை நீட்டுவோம். பெரிய தொகைக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கணும்னா கம்பெனிக்காரன் வீட்டுக்கே வந்து எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுப்பான், காபி குடுத்து அனுப்புவோம். அப்ப மானம் எங்கே போச்சு? ஷேக்குக்காக எடுக்கலாம், இன்சூரன்ஸ்காரனுக்காக எடுக்கலாம், கூடவே வாழப் போற பொண்ணுக்காக எடுக்கக் கூடாதா?

எங்கே, எப்படின்னு கேட்கிறவங்களுக்கு:

- அரசு ஆஸ்பத்திரிகள்ல 'நம்பிக்கை மையம்'னு போர்டு இருக்கும். எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம். முன்னாடியும் பின்னாடியும் ஆலோசகர் பேசுவார். ஒரே டெஸ்ட்டை வச்சு பாசிட்டிவ்னு முடிவு பண்ண மாட்டாங்க, வேற வேற கிட்ல திரும்பவும் பார்த்துத்தான் சொல்லுவாங்க.

- மத்த பால்வினை நோய்களுக்குப் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல 'சுகவாழ்வு மையம்' இருக்கு. சொந்த ஊர்ல தெரிஞ்ச முகம் இருக்கும்னு கூச்சமா? திருவள்ளூர் போங்க, சென்னை போங்க. யாரு தடுத்தா.

- நேத்து நடந்ததுக்கு இன்னிக்கு டெஸ்ட் எடுத்துட்டு "நெகட்டிவ்"னு கொண்டாடாதீங்க. எச்.ஐ.வி. வகைக்குத் தகுந்த மாதிரி ஆறு வாரத்துலேருந்து மூணு மாசம் கழிச்சுத்தான் உறுதியா தெரியும். அதே நேரம், நேத்து நடந்ததுன்னா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க, எச்.ஐ.வி.யைத் தடுக்கவே மருந்து இருக்கு.

- சந்தேகம் இருந்தா 1097-க்கு ஃபோன் பண்ணுங்க. காசு கிடையாது.

- எடுத்தா ரெண்டு பேரும் எடுங்க. முடிஞ்சா அவ எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க எடுங்க.

கடைசி பாயின்ட்டுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன். கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கற தம்பிமார்களே, பொண்ணு வீட்டுல கேட்க மாட்டாங்க. கேட்கத் தைரியம் வராது. நீங்களே எடுத்து, நீங்களே காட்டுங்க. ஏற்கெனவே கல்யாணம் ஆன அண்ணன்மார்களே, வீட்டுல விசேஷம்னு தெரிஞ்சு செக்கப்புக்குப் போறப்போ, வெளியே பெஞ்சுல உட்காராதீங்க. "எனக்கும் சேர்த்து எடுங்க சிஸ்டர்"னு சட்டைக் கையை மடிச்சு விடுங்க. அந்த ஒரு வார்த்தையில அவ தலை மேல இருக்கற பாதி பாரம் இறங்கிடும்.

குழந்தை வரம் வேணும்னு 365 படி ஏறுற ஊர்க்காரங்க நாம. நம்பிக்கை மையத்துக்கு அத்தனை படி இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு அடிக்கிற ஆளு. உங்க உடம்புக்கு என்ன டெஸ்ட், எப்போன்னு டாக்டர் கிட்டதான் கேட்கணும். "முதல்ல நீ எடுத்தியா?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: எடுத்தாச்சு. சேரைத் தள்ளிப் போட்ட மாமா சாட்சி :)